பொறியியல் மாணவரும் துறைத் தேர்வும்: நான்காண்டு இடைவெளியின் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகி, பொறியியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்கான கலந்தாய்வு தொடங்கும் வாரங்களில், நம் நாட்டின் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றன. எந்தத் துறை? எந்தக் கல்லூரி? கலந்தாய்வின் ஒரு சுற்றில் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் சில நாட்களே. பதினேழு அல்லது பதினெட்டு வயது நிரம்பிய ஓர் இளைஞர், தாம் ஒருநாளும் பார்த்திராத தொழிற்கூடங்களையும் படித்திராத பாடங்களையும் குறித்து அந்தச் சில நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். ஒரு குடும்பம் நிலமோ வீடோ வாங்குவதற்கு முன் இதைவிட நீண்ட நாள் விசாரிக்கிறது.

முடிவெடுப்பவருக்குத் துணை நிற்பவை யாவை? சென்ற ஆண்டு எந்தத் துறை முதலில் நிரம்பியது என்ற செய்தி. அண்டை வீட்டு மாணவருக்குக் கிடைத்த சம்பளம். கல்லூரிகள் வெளியிடும் விளம்பரங்கள். இவையாவும் இன்றைய நிலையைச் சொல்பவை. மாணவரோ நான்காண்டுகள் கழித்தே வேலை தேடி வெளியே வருவார். இன்றைய விலையைப் பார்த்து விதைத்து, நான்காண்டு கழித்து நிலவும் விலைக்கு விற்கும் உழவரின் நிலைதான் அவருடையது. இந்த இடைவெளி எப்படி வேலை செய்கிறது என்பதை நம் நாட்டின் அனுபவத்திலிருந்தே பார்ப்பது பயன் தரும்.

துறைக்கென்று பிறந்த கல்லூரி

இந்தியாவில் பொறியியல் கல்வி தொழிற்சாலைகளுக்காகத் தொடங்கப்பட்டதன்று. அரசுத் துறைகளுக்காகத் தொடங்கப்பட்டது. சென்னை கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-ல் நிலஅளவையாளர்களைப் பயிற்றுவிக்க ஏற்படுத்தப்பட்ட பள்ளியில் இருக்கிறது. ரூர்க்கியில் 1847-ல் கல்லூரி தோன்றியதற்குக் காரணம் கங்கைக் கால்வாய். அக்கால்வாய் வெட்டும் பணிக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். கல்லூரி அவர்களைத் தந்தது. 1854-ல் கால்வாயில் தண்ணீர் விடப்பட்டது. புணேயிலும் கல்கத்தாவை அடுத்த சிப்பூரிலும் தோன்றிய கல்லூரிகளும் பொதுப்பணித் துறையின் நிழலில் வளர்ந்தவையே. உயர் பதவிகளுக்கு ஆள் எடுப்பதற்காக இங்கிலாந்திலேயே கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் ஒரு கல்லூரியை 1870களின் தொடக்கத்தில் நிறுவி, 1906 வரை ஆங்கில அரசு நடத்தியது என்பதையும் மறந்துவிடலாகாது.

கல்லூரியும் பதவியும் இவ்வாறு ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருந்ததால், பட்டம் என்றால் பதவி என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஊன்றிவிட்டது. ஒரு குறிப்பிட்ட துறையின் பட்டம் ஒரு குறிப்பிட்ட நாற்காலிக்கு இட்டுச்செல்லும் என்ற அந்த எதிர்பார்ப்பு, காரணம் மறைந்த பிறகும் மறையவில்லை.

விடுதலைக்குப் பின் தேவை பெருகியது. என். ஆர். சர்க்கார் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1951-ல் ஹிஜ்லி சிறைமுகாம் கட்டடத்தில் கரக்பூர் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. பம்பாய், சென்னை, கான்பூர், தில்லி ஆகிய இடங்களில் இருந்த கழகங்கள் 1958-க்கும் 1961-க்கும் இடையில் உருவாயின. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகளும் போபால் கனரக மின்கருவித் தொழிற்சாலையும் எழும்பிய காலம் அது. எத்தனை பொறியாளர்கள் தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அதற்கேற்ப இடங்களை ஏற்படுத்திவிடலாம் என்று திட்ட வகுப்பாளர்கள் நம்பினர். 1962-ல் புதுதில்லியில் மனித ஆற்றல் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனமும் அமைந்தது.

1963-ல் சேர்ந்தவரும் 1970-ல் சேர்ந்தவரும்

1963-ல் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பொறியாளர் பற்றாக்குறை பற்றியே எங்கும் பேச்சு. அப்போது பல மாநிலங்களில் புகுமுக வகுப்புக்குப்பின் பொறியியல் படிப்பு ஐந்தாண்டு. அவர் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் 1965 போர் வந்தது. அடுத்தடுத்து இரண்டு பருவமழைகள் பொய்த்தன. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. நான்காவது திட்டம் தள்ளிப்போடப்பட்டு, 1966 முதல் 1969 வரை ஆண்டுத் திட்டங்களே நடைபெற்றன. அரசு முதலீடு சுருங்கியதும் எஃகு, இயந்திரம், கட்டுமானம் ஆகிய தொழில்களில் ஆட்சேர்ப்பு நின்றது. 1968-ல் நம் மாணவர் பட்டத்துடன் வெளியே வந்தபோது, அவருக்கு முன்பே பல்லாயிரம் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்துவிட்டுக் காத்திருந்தனர். அதே ஆண்டில், பொறியியல் கல்லூரிகளின் சேர்க்கை இடங்களைக் குறைக்க மைய அரசு முடிவு செய்தது.

இப்போது 1970-ல் சேர்ந்தவரைப் பார்ப்போம். பொறியியல் படித்தால் வேலையில்லை என்று ஊரே சொன்ன நேரத்தில், அவர் மின்பொறியியலில் சேர்கிறார். அவர் படிப்பு முடித்த 1975-ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில் தேசிய அனல்மின் கழகமும் தேசிய நீர்மின் கழகமும் நிறுவப்பட்டன. பம்பாய்க் கடலில் அதற்கு முந்தைய ஆண்டுதான் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு பட்டம் பெற்ற அனைவருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்பதன்று இதன் பொருள். அவர் சேர்ந்தபோது யாருடைய கணக்கிலும் இல்லாத நிறுவனங்கள், அவர் வெளியே வந்தபோது கதவைத் திறந்தன என்பதே கவனிக்கத்தக்கது.

பொருளாதார அறிஞர்கள் இந்த நிகழ்வுக்குச் சிலந்திவலை என்று பெயரிட்டுள்ளனர். அமெரிக்கப் பொறியாளர் சந்தையை ஆராய்ந்து ரிச்சர்டு ஃப்ரீமன் 1976-ல் இதை விளக்கினார். சம்பளம் உயர்ந்திருக்கும் ஆண்டில் பலர் சேர்கின்றனர். அவர்கள் அனைவரும் ஒரே ஆண்டில் வெளிவருவதால் சம்பளம் தாழ்கிறது. தாழ்ந்ததைக் கண்டு அடுத்த அணியினர் விலகுகின்றனர். சில ஆண்டுகளில் பற்றாக்குறை ஏற்பட்டு மறுபடியும் சம்பளம் உயர்கிறது. வரைபடத்தில் இக்கோடுகள் சிலந்திவலைபோல் சுற்றிச்சுற்றி வருவதால் இப்பெயர்.

நம் நாட்டில் இவ்வலை கணினித் துறையில்தான் தெளிவாகத் தெரிந்தது. 1997-ல் ஆண்டு இரண்டாயிரம் பிரச்சினைக்கு ஆள் தேவை என்ற பரபரப்பில் சேர்ந்தவர்கள், இணைய நிறுவனங்கள் சரிந்த 2001-ல் பட்டம் பெற்றனர். அச்சரிவைக் கண்டு மற்றவர்கள் ஒதுங்கிய 2002-ல் சேர்ந்தவர்களோ, மென்பொருள் நிறுவனங்கள் வளாகம் வளாகமாகச் சென்று ஆள் எடுத்த 2006-ல் வெளிவந்தனர். 2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கிகளின் வீழ்ச்சிக்குப்பின், நியமனக் கடிதம் கையிலிருந்தும் பணியில் சேரும் நாள் தெரியாமல் 2009-ஆம் ஆண்டுப் பட்டதாரிகள் காத்திருந்ததை அக்காலத்து ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2021-22-ல் வரலாறு காணாத ஆட்சேர்ப்பு நிகழ்ந்தது. 2023-ல் மீண்டும் தேக்கம். மீண்டும் அதே காத்திருப்பு. 2022-ல் கலந்தாய்வில் கலந்துகொண்டு கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்த மாணவர் சாட் ஜிபிடி என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். அது பொதுமக்கள் கைக்கு வந்தது அவ்வாண்டு நவம்பர் 30 அன்றுதான். எளிய நிரல்களை எழுதித்தரும் அக்கருவியோடு போட்டியிட்டுத்தான் 2026-ல் அவர் முதல் வேலையைத் தேட வேண்டியிருக்கிறது.

இதனால் கணினித் துறையைத் தேர்ந்தெடுக்கலாகாது என்று இங்கே வாதிடவில்லை. நான்காண்டுக்கு அப்பாலுள்ள சந்தையை எந்த நிபுணரும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது என்பதும், அவ்வாறு சொல்பவர் பெரும்பாலும் எதையோ விற்பவராக இருக்கிறார் என்பதுமே இந்த வரலாறு தரும் செய்தி.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

சந்தையைக் கணிக்க முடியாதெனில், கணிக்கக் கூடியவற்றைப் பார்க்க வேண்டும். மாணவரின் நாட்டமும் குடும்பத்தின் நிலையும் அத்தகையவை. நாட்டம் என்பது பலரும் நினைப்பதுபோல் மனத்தில் ஒருநாள் தோன்றும் ஒளியன்று. அதைச் சோதித்தறியலாம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடத்தின் பயிற்சிக் கணக்குகளை யாரும் சொல்லாமலே கூடுதலாகப் போட்டுப் பார்த்தோம் என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். விசையியல் கணக்குகள் பிடித்தவருக்குச் சிவில், இயந்திரத் துறைகளின் முதல் இரண்டாண்டுப் பாடங்கள் பாரமாக இரா. மின்காந்தவியலைக் கண்டு அஞ்சியவர், வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் மின்னணுவியலில் சேர்வது துன்பத்தை விலைக்கு வாங்குவதாகும். ஒவ்வொரு துறையின் பாடத்திட்டமும் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கிறது. மூன்றாம் பருவத்துப் பாடநூல் ஒன்றை நூலகத்தில் ஒரு பிற்பகல் புரட்டிப் பார்ப்பது, பத்து ஆலோசகர்களைச் சந்திப்பதைவிட மேலானது.

குடும்ப நிலை என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. ஆந்திரக் குடும்பத்தைச் சேர்ந்த அய்யலசோமயாஜுல லலிதா பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில், கைக்குழந்தையுடன் கணவரை இழந்தவர். மேற்படிப்பு என்று வந்தபோது மருத்துவம் அவர் முன் இருந்தது. நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்று கருதி அதை விலக்கினார். அவருடைய தந்தை கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்கு இடம் தருமாறு கல்லூரியிடம் கேட்டார். லலிதா 1940-ல் சேர்ந்து மின்பொறியியல் படித்தார். ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். பின்னர் கல்கத்தாவில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் மின்செலுத்தப் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தார். பக்ரா நங்கல் திட்டத்திலும் அவர் பணி உண்டு. அதே கல்லூரியில் அதே காலத்தில் சிவில் படித்தவர் பி. கே. திரேசியா. அவர் கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, களப்பணியிலேயே வளர்ந்து, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். ஒருவருக்கு மேசையில் அமர்ந்து செய்யும் வடிவமைப்பு பொருந்தியது. மற்றவருக்குச் சாலையும் பாலமும் பொருந்தின. இருவர் தேர்வும் அவரவர் வாழ்க்கையின் கணக்கிலிருந்து வந்தது.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்றும் பெண்களுக்குச் சிவிலும் இயந்திரமும் பொருந்தா என்று கூறி, மதிப்பெண் இருந்தும் விருப்பம் இருந்தும் மகளை வேறு துறைக்குத் திருப்பும் பெற்றோர் உண்டு. திரேசியா தலைமைப் பொறியாளராகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

பட்டத்தின் பெயரில் என்ன இருக்கிறது?

பி.இ. பெரிதா, பி.டெக். பெரிதா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. இரண்டும் சட்டப்படி சமமானவை. பல்கலைக்கழக மரபு காரணமாகப் பெயர் வேறுபடுகிறது, அவ்வளவே. உண்மையில் கவனிக்க வேண்டிய பெயர் அடைப்புக்குள் வரும் துறைப் பெயர். அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு, இயந்திரமனிதவியல் என்று பல புதுப் பெயர்களில் தனிப் பட்டப்படிப்புகள் தோன்றியுள்ளன. இவற்றுள் நல்லவை உண்டு. ஆயினும் சேர்வதற்கு முன் இரண்டைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, பாடத்திட்டம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்காண்டுப் பட்டத்துக்கு 160 தகுதிப்புள்ளிகள் என்று வரையறுத்தது. கணிதமும் அறிவியலும் அடிப்படைப் பொறியியலும் போக எஞ்சிய இடமே துறைக்குரியது. அவ்விடத்தில் இயக்க முறைமை, தரவுத்தளம், கணினிக் கட்டமைப்பு போன்ற அடிப்படைப் பாடங்களைக் குறைத்துவிட்டுப் புதுப் பெயருக்கேற்ற பாடங்கள் திணிக்கப்பட்டுள்ளனவா என்று அடுத்தடுத்த துறைகளின் பட்டியல்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அடிப்படைத் துறையில் பட்டமும், சுமார் இருபது புள்ளிகளுக்குப் புதுத் துறையில் துணைப்பட்டமும் பெறும் வழியைக் குழுவின் விதிகள் அனுமதிக்கின்றன. என் கருத்தில் பெரும்பாலான மாணவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. துணைப்பட்டம் பழசாகிவிட்டால் இன்னொன்றைக் கற்கலாம். அடிப்படையை முப்பது வயதுக்கு மேல் புதிதாகக் கட்டுவது கடினம்.

இரண்டாவது, அரசுப் பணி அறிவிப்புகள். தேர்வாணையங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தகுதியான பட்டங்களைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. பட்டியலில் இல்லாத பெயருடைய பட்டத்தை வைத்திருப்பவர், அது எதற்கு இணையானது என்ற ஆணைக்காக அலைய நேரிடுகிறது. மைய அரசின் பொறியியல் பணித் தேர்வு சிவில், இயந்திரம், மின், மின்னணுவியல் மற்றும் தொலைத்தொடர்பு ஆகிய நான்கு பிரிவுகளில் மட்டுமே நடக்கிறது. கணினி அறிவியலுக்கென்று அதில் தனிப் பிரிவில்லை. அரசுப் பணியே குறிக்கோள் என்பவர் இதைச் சேர்க்கையின்போதே அறிந்திருக்க வேண்டும், இறுதியாண்டில் அன்று.

கல்லூரியின் தரம் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. தேசிய அங்கீகார வாரியம் தனித்தனிப் படிப்புகளையே மதிப்பிடுகிறது. ஒரே கல்லூரியில் இயந்திரத் துறைக்கு அங்கீகாரம் இருக்கலாம். நேற்றுத் தொடங்கிய துறைக்கு இல்லாமலிருக்கலாம். வாயிலில் தொங்கும் பலகை இவ்வேறுபாட்டைச் சொல்லாது. 2014-ல் இவ்வாரியம் வாஷிங்டன் உடன்பாட்டில் நிரந்தர உறுப்பினரானது. ஆனால் அதன்படி அயல்நாடுகளில் கிடைக்கும் ஏற்பு எல்லாக் கல்லூரிகளின் படிப்புகளுக்கும் உரியதன்று.

இன்னொரு பழைய அறிவுரையையும் இங்கே திருத்திவிடலாம். வேலையில் இருந்துகொண்டே இந்தியப் பொறியாளர் கழகத்தின் ஏ.எம்.ஐ.இ. தேர்வெழுதிப் பட்டத்துக்கு இணையான தகுதி பெற்று உயர்ந்த அலுவலர்கள் பலர் உண்டு. அவர்கள் தம் உறவினர் பிள்ளைகளுக்கும் அதே வழியைக் காட்டுகின்றனர். ஆனால் 2013 மே 31 வரை அதில் பதிவு செய்தவர்களுக்கே அந்த இணைத்தகுதி உண்டு.

பெயரைப் பார்த்து ஏமாறுவதன் மறுபக்கமும் ஒன்றுண்டு. 2021 டிசம்பரில் மைய அமைச்சரவை அரைக்கடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. ஐந்தாண்டுகளில் 85,000 பொறியாளர்களைச் சில்லு வடிவமைப்பில் பயிற்றுவிக்க ஒரு திட்டம் நடைபெறுகிறது. குஜராத்தில் சாணந்திலும் தோலேராவிலும் ஆலைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. இதைக் கேட்ட உடனே மின்னணுவியல் ஒன்றே வழி என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். சில்லு ஆலைக்குள் நுழைந்து பார்த்தால், மெல்லிய படலங்களைப் படியவைப்பதும் அரித்தெடுப்பதும் வேதிப்பொறியியல் வேலைகள். மாசற்ற நீரையும் தூசற்ற காற்றையும் இடைவிடாமல் தருவது இயந்திரப் பொறியாளர்களின் பொறுப்பு. ஒரு நொடி மின்தடையும் பெருநட்டம் தரும் இடத்தில் மின்பொறியாளர் இன்றியமையாதவர். ஒரு தொழில் வளர்கிறது என்றால் அத்தொழிலின் பெயரைத் தாங்கிய பட்டம் மட்டும் வளர்வதில்லை.

செலவும் கடனும்

நடுத்தரக் குடும்பமும் ஏழைக் குடும்பமும் கல்விக்கடனை நம்பியே இன்று தனியார் கல்லூரிகளில் சேர்கின்றன. கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்ச ரூபாய் வீதம் நான்காண்டுகளுக்கு 10 விழுக்காட்டு வட்டியில் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஐந்தாம் ஆண்டு முடிவில் நிலுவை 5,40,000 ரூபாய். பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய். மொத்தம் கட்டுவது எட்டரை லட்சத்துக்கும் சற்று மேல். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவந்தால், தவணை 5,290 ரூபாய் அளவில் நிற்கும். இருபத்திரண்டு வயதில் பெறும் முதல் சம்பளத்தில் இத்தவணையின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. கடன் அழுத்தினால், பயிற்சிக்கு ஏற்ற வேலையை விட்டு உடனே பணம் தரும் வேலைக்குப் போக நேரிடும். மேற்படிப்பு என்ற வாய்ப்பும் அடைபடும். 2024 நவம்பரில் ஏற்கப்பட்ட வித்யாலட்சுமி திட்டம், ஆண்டு வருமானம் எட்டு லட்ச ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்குத் தரமிக்க நிறுவனங்களில் படிக்க வட்டிச் சலுகை தருகிறது. சேரும் கல்லூரி அப்பட்டியலில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்புக்குப்பின் பலதொழில் பயிலகத்தில் சேர்வதை இரண்டாந்தர வழி என்று கருதுவது தவறு. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்பிலிருந்து கணக்கிட்டால் மேனிலைப் பள்ளி வழியில் ஆறாண்டு; பட்டய வழியிலும் ஆறாண்டுதான். இடையில் குடும்பத்துக்கு நெருக்கடி வந்தால், பட்டயதாரி இளநிலைப் பொறியாளர் பணிக்குத் தகுதியுடன் நிற்பார். கணிதத்தில் மட்டும் அவர் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும் என்பது என் வகுப்பறை அனுபவம்.

படிக்கும் காலத்தில்

மூன்றாம் ஆண்டு முக்கியமானது. கேட் தேர்வை மூன்றாம் ஆண்டு மாணவரும் எழுதலாம். பெற்ற மதிப்பெண் மூன்றாண்டுக்குச் செல்லும். உதவித்தொகையுடன் முதுநிலைப் படிப்புக்கும், பல பொதுத்துறை நிறுவனங்களில் நேர்முகத்துக்கும் அதுவே வாயில். 2024 முதல் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் அதில் தனித்தாளாக இடம்பெற்றுள்ளன. ஆனால் வேலை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முதுநிலையில் சேர்பவர் இரண்டாண்டு கழித்து அதே இடத்துக்கு வந்து நிற்கக் கூடும். ஒரு குறிப்பிட்ட நுட்பத்தில் ஆழ்ந்து செல்ல வேண்டும் என்ற தேவை எழுந்தபின் சேர்வதே நலம்.

தொழிற்பழகுநர் பயிற்சி பற்றி மாணவர்களில் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. 1961-ல் இயற்றப்பட்ட தொழிற்பழகுநர் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டுப் பட்டதாரி, பட்டயதாரிப் பொறியாளர்களும் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். சென்னை, மும்பை, கொல்கத்தா, கான்பூர் ஆகிய நான்கிடங்களில் உள்ள வட்டார வாரியங்கள் ஓராண்டுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கின்றன. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மைய அரசு ஈடுசெய்கிறது. பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தரவேண்டும் என்ற கட்டாயமில்லை. இதைச் சொல்லியே இதைப் பலர் ஒதுக்குகின்றனர். கொங்கண் ரயில்பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்த இ. ஸ்ரீதரன் சில காலம் பயிலக ஆசிரியராகவும், பின்னர்ப் பம்பாய்த் துறைமுகத்தில் பழகுநராகவும் இருந்துதான் ரயில்வே பணிக்கு வந்தார். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்தவர் அவரே.

அலுவலர்கள் கவனத்துக்கு

மாணவர் தவறாகத் தேர்ந்தெடுப்பதற்கு அவர் மட்டுமே பொறுப்பல்லர். 2020-21 முதல் புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2023-24-ல் அத்தடை நீங்கியது. 2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு துறையில் எத்தனை இடங்கள் வைக்கலாம் என்பதற்கிருந்த உச்சவரம்பும் எடுக்கப்பட்டது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. கேட்பு மிகுந்த கணினித் துறைகளில் இடங்கள் பெருகின. சேர்க்கை குறைந்த சிவில், இயந்திரத் துறைகளைச் சில கல்லூரிகள் சுருக்கின, சில மூடின. மாணவரின் இன்றைய விருப்பத்தைப் பின்பற்றி இடங்களும் ஓடும்போது, சிலந்திவலையின் சுற்று அகலமாகிறது.

ஊரகக் குடும்பங்கள் அனைத்துக்கும் குழாய்நீர் வழங்க 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் தொடக்ககால மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாயாக இருந்தது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அது 2028 வரை நீட்டிக்கப்பட்டது. போட்ட குழாய்களையும் கட்டிய தொட்டிகளையும் அதற்குப்பின் முப்பதாண்டு பேணப்போகிறவர்கள் சிவில், இயந்திரப் பொறியாளர்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு துறையிலும் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து என்ன வேலையில் இருக்கின்றனர் என்பதைத் திரட்டி, தணிக்கை செய்து, கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று விதித்தால், மாணவர் கையில் விளம்பரத்துக்குப் பதிலாக விவரம் இருக்கும். உச்சச் சம்பளம் பெற்ற ஒருவரின் படத்தைவிட, நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்ற ஓர் எண் பயன் மிக்கது. மாநில உயர்கல்வித் துறைகள் இதைத் தொடங்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஆண்டுதோறும் இணைப்பைப் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு பக்கத்தைச் சேர்த்தால் போதும்.

துறையொன்றை மூடும் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அலுவலர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒரு சிவில் துறையை மூட ஒரு கோப்பு போதும். அதன் மண்ணியக்கவியல் ஆய்வகத்தையும், நீரியல் ஓடையையும், இருபதாண்டு களப்பயிற்சி பெற்ற ஆய்வக உதவியாளரையும் மறுபடியும் ஓரிடத்தில் சேர்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வாண்டுகளில் அந்த மாவட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்துப் பாலம் கட்ட ஆசைப்படும் மாணவர், கலந்தாய்வுப் பட்டியலில் அத்துறையின் பெயரை அருகிலுள்ள எந்தக் கல்லூரியிலும் காணமாட்டார்.